அண்ணன் கூட்டிட்டுப் போன பத்து பேர்

எங்கண்ணன் மருதைகிட்ட ஒரு விஷயத்தைப் பாதி சொன்னாப் போதும், மீதியை அவரே முடிவு பண்ணிக்குவாரு. அந்தக் குணத்தால நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்ல.

காந்தி மார்க்கெட்ல மூட்டை தூக்குறவங்க சங்கத்துக்கு அவருதான் செயலாளர். ஆறு வருசத்துக்கு முன்னாடி புகையிலையால கன்னத்துல புத்து வந்து, ஆபரேஷன் பண்ணிப் பொழைச்ச மனுசன். என் வீட்டுக்காரர் ஜெயக்குமாரும் அங்க மூட்டை தூக்குறவருதான். அவரு கன்னத்துக்குள்ள மூணு மாசமா ஒரு வெள்ளைத் திட்டு. கொட்டாவி விட்டப்போ நான் பாத்துட்டேன். டாக்டர்கிட்ட போவோம்னு கெஞ்சினேன், கத்தினேன், ரெண்டு நாள் சோறு கூடப் போடல. "சுண்ணாம்பு பட்டுருச்சு, போ வேணி"ன்னுட்டாரு.

அப்பத்தான் அண்ணனுக்கு ஒரு லெட்டர் வந்துச்சு. தில்லை நகர் தாண்டி ஒரு மெடிக்கல் காலேஜ்ல புற்றுநோய் ஆராய்ச்சி மையம் இருக்கு. நோய் வந்து குணமானவங்கள்ல ஒருத்தர் ஆலோசனை சொல்ல வேணுமாம், உங்களை உறுப்பினராச் சேத்துக்குறோம், புதன்கிழமை வாங்கன்னு எழுதியிருந்தாங்க.

எங்க சங்கத்துல ஒரு வழக்கம் உண்டு. புதுசாப் பொறுப்புக்கு வர்றவரு கூடவே பத்து பேரைச் சேத்துவிடணும். வெறுங்கையோட போனா மரியாதை இல்ல. ஆராய்ச்சி மையத்துக்கும் அதே சட்டம்தான்னு அண்ணன் முடிவு பண்ணிட்டாரு. யாரையும் ஒரு வார்த்தை கேக்கல. பத்து பேருக்கும் பாஸ்போர்ட் போட்டோ எடுத்து, ஆதார் ஜெராக்ஸ் வச்சு, மார்க்கெட்டுக்கு வெங்காய லாரி விடுற சர்ஃபராஸ் பாய்கிட்ட ஒரு வேனும் வாங்கிட்டாரு. எங்க வீட்டுக்காரருக்கு உறுப்பினர் கார்டுன்னா உசுரு, சட்டைப் பையில ஏற்கெனவே ஏழு கார்டு கெடக்கு. முதல் ஆளா வேன்ல ஏறிட்டாரு. நானும் பின்னாடியே ஏறிட்டேன், விடுவேனா?

மையத்துத் தலைவி வைதேஹி டாக்டர், ஸ்ரீரங்கத்துக்காரங்க. மாலையும் கையுமா பதினொரு ஆம்பளைங்க உள்ள நுழையவும் எந்திரிச்சே நின்னுட்டாங்க.

"வாங்கோ, மருதை. இவாள்லாம் யாரு?"

"நம்ம ஆளுங்கதாங்க. உறுப்பினர். கோட்டா கரெக்டா இருக்கு, எண்ணிக்கோங்க."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இருக்கே! உறுப்பினர் ஒருத்தர்தான்னு பொறுமையா எடுத்துச் சொன்னாங்க. அண்ணன் மொகம் சுருங்கிப்போச்சு. நம்மாளுங்க, "லீவு போட்டு வந்தோமே அண்ணே"ன்னு முணுமுணுத்தாங்க. அப்புறம் அந்தம்மா மெதுவாக் கேட்டாங்க: "மூட்டை தூக்கறவாளோட வாயைப் பரிசோதிக்க ரெண்டு வருஷமா ஆள் தேடறேன், நாலு பேர்தான் வந்தா. உங்களுக்கு இஷ்டம்னா மட்டும், இப்பவே பாத்துடலாமா?"

எல்லாரும் கதவைப் பாத்தாங்க. அண்ணனுக்கு வந்துச்சே ரோசம்! விளக்குக்கு அடியில போய் நின்னு வாயைப் பொளந்தாரு. "பாருங்கடா, தச்ச எடம். பயந்தவன் மார்க்கெட்டுக்குத் திரும்பிப் போ, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." அதுக்கப்புறம் எவன் போவான்? சங்கத்து ஆளுங்களாச்சே, வரிசை போட்டுட்டாங்க.

எங்க வீட்டுக்காரர் மட்டும் டீ குடிச்சிட்டு வரேன்னு நழுவினாரு. நான் வாசலை மறிச்சுக்கிட்டேன். திட்டலாம்னு வாயெடுத்தேன், அவரு முந்திக்கிட்டாரு.

"இருந்துச்சுன்னா என்ன வேணி பண்றது?"

மூணு மாசத்துல அவரு கேட்ட மொதக் கேள்வி அதுதான். கையைப் புடிச்சு வரிசையில நிறுத்தினேன். டாக்டரம்மா பாத்தாங்க, கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க.

பத்து நாள்ல முடிவு வந்துச்சுன்னு டாக்டரம்மா கூப்பிட்டாங்க, எல்லாருமாப் போனோம். புத்துதான். ஆனா இப்பத்தான் ஆரம்பம், சின்ன ஆபரேஷன்ல எடுத்துடலாம், தைரியமா இருங்கோன்னாங்க. அண்ணன் உறுப்பினர் தோரணையில, "நான் சொல்லல?"ன்னு எல்லாரையும் பாத்தாரு. ஒண்ணுமே சொல்லாத மனுசன்!

வெளிய வந்து மரத்தடியில உக்காந்ததும் எங்க வீட்டுக்காரர் சொன்னாரு: "எங்கப்பாவுக்கும் இதே எடத்துலதான் ஆரம்பிச்சுது."

மாமனார் வயித்து வலியில போனாருன்னு இருபது வருசமா என்கிட்ட சொல்லி வச்சிருந்தாங்க. இத்தனை நாளும் தெரிஞ்சேதான் இந்த மனுசன் தனியாப் பயந்துக்கிட்டு இருந்திருக்காரு. அவரு தோள்ல சாஞ்சு அழுதுக்கிட்டே, வாய்க்கு வந்தபடி திட்டினேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, "ஆபரேஷனுக்கு நீ கூட வருவேல்ல?"ன்னாரு.