ராணியின் இடது கன்னம்

திருச்சுழி சாலையில் நாலு மைல் நடந்த பிறகும் என் மேலிருந்து தோல் ஷாப்பு நாற்றம் போகவில்லை. முந்தின நாள் வரை அருப்புக்கோட்டைப் பக்கம் ஆட்டுத் தோலுக்கு முடி நீக்குகிற வேலையில் இருந்தேன். சுண்ணாம்பையும் அரிதாரம் என்கிற மஞ்சள் கல்லையும் குழைத்துத் தோலின் உள்பக்கம் பூசி மடித்து வைத்தால், மறுநாள் தள்ளினாலே முடி வந்துவிடும். ஐந்து மாதம் செய்தேன். விரலிடுக்குகள் வெடித்துச் சோறு பிசைய முடியாமல் போனதும் கிளம்பிவிட்டேன். ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டதும் இப்படித்தான், யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

உச்சி வெயில். சாலையோரக் கிணற்றை ஒட்டிய புளியமரத்தடியில் நையாண்டி மேளக்காரர்கள் இறங்கியிருந்தார்கள். அடுத்த ஊரில் கோயில் பொங்கல். சாயங்காலம் நாலு மணிக்கு ராஜா ராணி ஆட்டம். தண்ணீர் கேட்டுப் போனேன். செம்பை நீட்டியவர் ராணி வேஷக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். பார்வை என் கையை விட்டு நகரவில்லை.

"என்ன தம்பி, முழங்கை வரைக்கும் வாழைத்தண்டா இருக்கு? ஒத்த முடி இல்லையே!"

"தோல் ஷாப்புல கெடந்தேண்ணே. சுண்ணாம்பு தின்னுருச்சு."

"நான் காலையிலேருந்து மூணு தடவை செரைச்சுட்டேன். இங்க பாரு."

பார்த்தேன். பவுடரையும் மீறித் தாடை பச்சை கட்டியிருந்தது. போன வாரம் நரிக்குடிப் பக்கம் ஆடும்போது, ராணிக்குத் தாடி முளைத்திருக்கிறது என்று பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். மேளத்துக்குத் தலைவரான நாயனக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இன்றைக்கும் அந்தச் சிரிப்பு கேட்டால் நாளையிலிருந்து வேறு ராணி. பதினாறு வயதிலிருந்து ராணியாகவே ஆடியவர். வேறு வேலை அவருக்குத் தெரியாது.

இன்று மதுரைக்குப் போனால் தோல் டாக்டர் லேசர் ஒளியைப் பாய்ச்சி, நாலைந்து தடவையில் முடியை வேரோடு அடக்கிவிடுவார் என்கிறார்கள். அன்று அந்தப் புளியமரத்தடியில் இருந்த ஒரே நிபுணன் நான்தான். ராணியின் வேஷப் பெட்டியிலேயே மஞ்சள் பூச்சுக்கான அரிதாரக் கட்டி இருந்தது. தவில்காரரின் வெற்றிலைப் பையில் சுண்ணாம்பு இருந்தது.

"எம்புட்டு நேரம் வைக்கணும்?"

"ஆட்டுக்கு ஒரு ராத்திரிண்ணே."

"நான் ஆடுறவன்தாம்ப்பா, ஆடு இல்ல."

ராஜா வேஷக்காரர் பீடியைப் பற்றவைத்தபடி சொன்னார்: "ஏலே, தோலையும் உரிச்சு டவுனுக்கு லோடு ஏத்திறாதீகடா."

அந்தப் பீடி தீரும் வரை வைத்தால் போதும் என்று கணக்குப் போட்டு, முதலில் இடது கன்னத்தில் மட்டும் பூசினேன். ஒன்றை மறந்துவிட்டேன். கத்தி கீறிய தோலை ஷாப்பில் சுண்ணாம்புப் பக்கமே கொண்டுபோக மாட்டோம், ஒதுக்கி வைத்துவிடுவோம். மூன்று முறை சிரைத்த கன்னமும் கீறிய தோல்தான் என்று எனக்கு உறைக்கவில்லை.

பீடி பாதி எரிவதற்குள் ராணி கத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார். வாளி வாளியாக இறைத்து ஊற்றினேன். முடி போய்விட்டது. கன்னம் மிளகாய்ப் பழமாகச் சிவந்து கசிந்தது. இடது பக்கம் அப்படி, வலது பக்கம் பழைய பச்சை. நாயனக்காரர் வந்து பார்த்துவிட்டு நாயனத்தைத் துடைக்கப் போய்விட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோபித்துக்கொண்டு அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டியிருப்பேன்.

ஓடிப்போகக் கால் வரவில்லை. நாலு மணிக்கு நானும் கூட்டத்தில் நின்றேன். இடது கன்னத்தில் பவுடர் வைக்க முடியாமல், அப்படியே ஆட வந்தார் ராணி. முன்வரிசையில் இருந்த ஒரு பெரிய மனுஷி கையை நீட்டினாள்.

"ஏத்தா ராணி, கன்னத்துல என்னடி செவப்பு?"

மேளம் தடுமாறியது. ராணி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ராஜாவை நோக்கி விரலை நீட்டினார்.

"இந்த ராசாதான் அறைஞ்சுட்டாரு ஆத்தா! கொழம்புல உப்பில்லையாம்!"

பெண்கள் பக்கம் பொங்கிவிட்டது. "ஏலே ராசா, உனக்கு நாக்கு கேக்குதோ?" "கம்பங்கூழுக்கு வழியில்லாதவனுக்குக் கிரீடம் ஒரு கேடா?" ராஜா மிரண்டு தவிலுக்குப் பின்னால் ஒளிந்தார். ஒருத்தி வீட்டுக்கு ஓடி, தேங்காயெண்ணெய் கொண்டுவந்து ஆட்டத்தின் நடுவிலேயே ராணியின் கன்னத்தில் தடவிவிட்டாள். எல்லோரும் இடது கன்னத்துக்காக வழக்காடிக்கொண்டிருந்தார்கள். வலது கன்னத்தை யாரும் பார்க்கவில்லை. நாயனக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் நாயனத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

ஆட்டம் முடிந்ததும் ராணியிடம் சொன்னார்: "நாளைக்கும் அந்த அறையை வச்சுக்க. ஆனா கத்தி இனிமே உன் மூஞ்சியில படக்கூடாது." பிறகு என்னைத் தேடிப் பிடித்தார். "ஏலே நிபுணரு, நீ எங்க போற? கெடுத்தவன்தானே சரி பண்ணணும்."

மறுநாள் காலை காரியாபட்டிப் பக்கம் போகிற பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். இந்தக் கருவேல முள் காட்டில் எல்லோர் அரைஞாணிலும் தொங்குகிற முள்வாங்கிதான் நாயனக்காரர் அரைஞாணிலும் தொங்கியது. அதைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"தெனம் காலையில ஒண்ணு ஒண்ணாப் புடுங்கு. சோறு எங்களோட. ராணி கத்துச்சுன்னா கேக்காதே."

ராணி வலது கன்னத்தைக் காட்டிக் கண்களை இறுக மூடிக்கொண்டார். காதோரத்திலிருந்து ஆரம்பித்தேன்.