சலோமியின் ‘நல்லாருக்கேன்’

யார் நலம் விசாரித்தாலும் சலோமி, “நல்லாருக்கேன், மாதா புண்ணியம்” என்பாள். பல வருஷமாக அவள் புருஷன் அருளானந்தத்துக்கு இது ஆறாத மனத்தாங்கல். துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற மனிதர். மழுப்பல் பேச்சு பிடிக்காது. வாசல்படி இறங்க அவர் தோளைக் கவ்விப் பிடிப்பவள், பிடியை விடாமலே எதிர்வீட்டு காசியம்மாவிடம் நல்லாருக்கேன் என்றால் எரிச்சல் வராதா?

சலோமிக்கு எம்.எஸ். உடம்பே தன் நரம்பின் மேலுறையை அரிக்கிற நோய். இடது கால் இழுக்கிறது. வெயில் ஏறினால் கண் மங்குகிறது. நனைத்த துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன் தைக்கிறாள். தையல் மெஷின் மோட்டாரின் மிதியை வலது காலுக்கு மாற்றிவிட்டாள். வேலை முடிந்ததும் அந்தக் காலைத் தட்டிக்கொடுப்பாள்: “நல்லா உழைச்ச தாயி, போய்ப் படு.”

ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஜெனிட்டா அவ்வப்போது போனில் கேள்வி கேட்பாள். போன வாரம் அருளானந்தமும் பக்கத்தில் இருந்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“துணையில்லாம, நிக்காம எவ்வளவு தூரம் நடப்பீங்கக்கா?”

“மாதா கோயில் வரைக்கும் போயிட்டு வருவேன் சிஸ்டர்.”

“என் தோளைப் புடிச்சுக்கிட்டுல்ல போற!” அருளானந்தம் பாய்ந்தார்.

“நீங்க என்ன கம்பா, கழியா? புருஷன். அது எப்படித் துணையில சேரும்?”

ஜெனிட்டா சிரித்துவிட்டாள். “சேரும்க்கா. நீங்க சொல்றத வச்சுத்தான் மருந்து கேக்குதா, மாத்தணுமான்னு டாக்டர் பாக்குறாரு. எப்பவும் நல்லாருக்கேன்னா பழைய மருந்தே ஓடும். நாளைக்கு வலது காலும் இழுத்துக்கிட்டா?”

சலோமியின் கை வலது முழங்காலுக்குப் போனது. “இத்தனை குடுத்தவங்ககிட்ட குறை சொன்ன மாதிரி ஆயிடாதா?” என்றாள் மெதுவாக.

“மாதாவுக்கா போன் போட்டுருக்க? ஆஸ்பத்திரிக்குடி!” என்றார் அருளானந்தம்.

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “கொஞ்சம் கழிச்சுக் கூப்புடுங்க சிஸ்டர். தனியா எவ்வளவு நடப்பேன்னு எனக்கே தெரியல. பாத்துட்டுச் சொல்றேன்.”

துண்டை மறுபடி நனைத்துப் போட்டுக்கொண்டு, அவர் தோளைப் பிடித்தபடி தெருவில் இறங்கினாள். அவள் விரல்கள் தோளில் அழுந்துவது அருளானந்தத்துக்குப் பழகிப்போன சுகம். அதற்காக ஆண்டவருக்கு அவர் நன்றி சொல்லாத நாளில்லை. வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. அந்த விரல்களை அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள்.

“பின்னாலயே வாங்க. தள்ளாடுனா புடிக்காதீங்க. விழுந்தா மட்டும் தூக்குங்க.”

அருளானந்தம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.