தொள்ளாயிரம் மில்லி

அம்சவல்லி நன்னிலம் பக்கத்துக் கிராமத்தில் நடவு வேலைக்குப் போகும் ஒருத்தியின் மகள். தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் பதினோரு வருடமாக நர்ஸ். கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் வளைகுடாவில் இருந்தார்கள். இயந்திர வேலையை அவளுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை; நின்று பார்த்துக் கற்றது. காலையில் நோயாளிகளின் எடையைத் தானே பார்ப்பாள். அதை மட்டும் யாரிடமும் விட மாட்டாள்.

2005 கார்த்திகை மழையில் சலாஹுதீன் வந்து சேர்ந்தான். குவைத்திலிருந்து லீவில் மயிலாடுதுறைக்கு வந்தவன், வீட்டுக்குப் பின்னால் அடைத்துக்கொண்ட வடிகாலில் வெறுங்காலோடு இறங்கியிருக்கிறான். குதிகால் வெடிப்பு வழியாக எலிக்காய்ச்சல் தொற்றி, ஒரு வாரத்தில் சிறுநீர் நின்றுவிட்டது. கழுத்தில் குழாய் போட்டு மூன்று தடவை டயாலிசிஸ் ஆயிற்று. குடிக்கத் தண்ணீரும் அளவுதான்.

"குவைத்துல பெட்ரோலக்கூட இப்படி அளக்க மாட்டாங்க சிஸ்டர்."

"பெட்ரோல் குடிக்கிறதுக்கில்ல தம்பி. வாயக் கொப்புளிச்சுத் துப்புங்க."

ஒரு நாள் சிறுநீர் நூற்றைம்பது மில்லி. மறுநாள் நூற்றெண்பது. அதற்கடுத்த நாள் காலை, அவன் மனைவி ஷமீரா கொடுத்த ஜாடியில் தொள்ளாயிரம். அம்சவல்லி சந்தோஷமாகத் தன் கையாலேயே எழுதினாள். டாக்டர் பார்த்துவிட்டு, "நல்லது, இன்னிக்கு மெஷின் வேண்டாம்" என்று போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் எடை பார்த்தாள். முந்தின நாளைவிட ஒரு கிலோ கூடியிருந்தது. கணுக்காலில் விரலை அழுத்தினாள். குழி மேலே வரவில்லை. அவனுக்குப் படுத்தால் மூச்சு முட்டியது. அவ்வளவு வெளியே போயிருந்தால் எடை குறைந்திருக்க வேண்டும்.

ஷமீராவை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"ஜாடில எவ்வளவு தண்ணி கலந்தே?"

ஷமீரா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "மெஷின்ல ஒருக்கா ஏத்திட்டா மவுத்து வரைக்கும் மெஷின்தான்னு எல்லாரும் சொல்றாங்கக்கா. அப்புறம் அவங்க எப்படி மறுபடி குவைத்துக்கு சபர் போவாங்க? கொஞ்சம் கூடக் காட்டினா விட்டுடுவாங்கன்னு..."

"சர்க்கரையில கெட்டுப்போன கிட்னிக்கு அப்படித்தான். இது காய்ச்சல்ல மயங்கிக் கெடக்கு. அது முழிக்கிற வரைக்கும் மெஷின்தான் அதோட வேலையச் செய்யணும். இன்னிக்கு செய்யலைன்னா ராத்திரிக்குள்ள நெஞ்சில தண்ணி கோத்துக்கும்."

"டாக்டர்கிட்ட சொல்லிடுவீங்களா?"

"சொல்லித்தான் ஆகணும். எழுதினது என் கை."

டாக்டர் வெளிநோயாளிகளை விட்டு எழுந்து வந்தார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல எடை பாக்காம எழுதினியாம்மா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அவள் சார்ட்டை எடுத்தாள். தொள்ளாயிரத்தைக் குறுக்கே அடித்துக் கையெழுத்துப் போட்டாள். கால்மணி நேரத்தில் சலாஹுதீனின் ரத்தம் இயந்திரத்தில் ஓடியது. நான்கு மணி நேரமும் அவள் பக்கத்தை விட்டு நகரவில்லை.

மறுநாள் ஷமீரா கொண்டுவந்த ஜாடியில் நூற்றுப் பத்துதான் இருந்தது.  அம்சவல்லி அப்படியே எழுதிக்கொண்டாள்.

மேலும் மூன்று தடவை இயந்திரம் தேவைப்பட்டது. அதிலிருந்து பத்தாம் நாள் சிறுநீர் அறுநூறு. எடை ஒரு கிலோ குறைவு. அதற்கு மறுநாள் ஆயிரத்து இருநூறு. ரத்தப் பரிசோதனை பார்த்தபின் டாக்டர் கழுத்துக் குழாயை எடுத்தார். எடுத்த இடத்தை அம்சவல்லி கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிடம் அழுத்திப் பிடித்திருந்தாள். விரலை எடுத்தபோது ரத்தம் வரவில்லை.