அம்மன் அசைத்த விரல்

போன ஆனியில், எங்கள் தீவின் நயினை அம்மன் தீர்த்தமாடிய மறுநாள் காலை, முற்றத்தில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த என் கணவர் என்னைப் பார்த்து, "நீ ஏன் ரெண்டு பேராய் நிக்கிறாய்?" என்றார். பகிடி என்றுதான் நினைத்தேன். மத்தியானத்துக்குள் கண்மடல் இரண்டும் தொங்கிவிட்டன. நாக்குத் தடித்தது. குடித்த தண்ணீர் மூக்கால் வந்தது.

குறிகட்டுவான் துறைக்கு வரும் படகில் அவருடைய தலை நிமிர்ந்து நிற்கவில்லை. அதைக் கையில் தாங்கிக்கொண்டு, விலகிப்போகும் கோபுரத்தைப் பார்த்து அழுதேன். "தாயே, விரதம் பிடிச்ச வீடெல்லோ! என்ன குறை வைச்சனான்?"

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் முதலில் பாரிசவாதமோ என்று பார்த்தார்கள். தலையைப் படம் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. என்ன சாப்பிட்டார் என்று கேட்ட எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். "கொடியேறின நாள் தொட்டு மரக்கறிதான். திருவிழா முடிஞ்சு வைரவருக்குப் படைக்கிற மடை முடியாமல் எங்கட வீட்டிலை மீன், மச்சம் புழங்காது." அவ்வளவு பெருமையாகச் சொன்னேன்!

விடிந்தபோது கைகளும் சோர்ந்துவிட்டன. மூச்சு மேலோட்டமாகப் போனது. நரம்பு வைத்தியர், ஒரு இளம் பெண், என் கணவரின் கையில் வயர்களை ஒட்டி மெல்லிய மின்சாரம் கொடுத்துப் பார்த்தார். உணர்ச்சி நரம்புகள் நன்றாக இருந்தன. தசை மட்டும் துளியளவே பதில் சொன்னது. அடுத்தடுத்து வேகமாகக் கொடுத்தபோது திரையில் தசையின் பதிலைக் காட்டிய கோடு வரவர உயர்ந்தது. வைத்தியரின் முகம் மாறியது.

"அம்மா, நரம்பு சொல்லுறது தசைக்குப் போய்ச் சேரேல்லை. காத்துப் படாமல் மூடி வைச்ச சாப்பாட்டு நஞ்சு மாதிரிக் கிடக்கு. போத்தல், டின் ஏதும் சாப்பிட்டவரோ?"

"இல்லை" என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு இவரிடம் குனிந்தார். "ஐயா, உங்களுக்கு எல்லாம் விளங்குது எண்டு தெரியும். போத்தலிலை அடைச்ச ஏதும் சாப்பிட்டனீங்களோ? ஓம் எண்டால் விரலை அசையுங்கோ."

இவர் இனிப் பேசுவாரோ என்ற பயத்தில் நான் கண்ணை மூடினேன். "அம்மா, உண்மையை நீ காட்டு." கண்ணைத் திறந்தேன். சுட்டுவிரல் அசைந்தது.

ஊரிலிருந்த என் அண்ணையிடம் தொலைபேசியில் சொல்லி வீட்டையும் பின்பக்கக் கோடிக் கொட்டிலையும் தேடச் சொன்னேன். கொட்டிலில் ஒரு போத்தல் அகப்பட்டது. அரைகுறையாகப் பொரித்த பாரைமீன், உள்ளிப்பூண்டு போட்டு எண்ணெயில் அமிழ்த்தி இறுக்கி மூடியது. விரதத்துக்குக் கழுவித் துடைத்த பிரிட்ஜில் மீன் வைக்க ஏலாது என்று கொடியேற முதலே இவர் அங்கே ஒளித்திருக்கிறார். நான் தீர்த்தத்துக்குப் போன நேரம், மடைவரை பொறுக்க முடியாமல் தின்றிருக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது.

மாற்று மருந்து கொழும்பிலிருந்து வந்தது. அதற்குள் அவருக்கு இயந்திரம்தான் மூச்சு விட்டது. "மருந்து நஞ்சு இனிமேல் ஏறாமல் தடுக்கும். விழுந்தது மெல்லத்தான் எழும்பும்" என்றார் வைத்தியர். வாரக்கணக்காக அந்த இயந்திரச் சத்தத்தைக் கேட்டபடி அம்மன் பெயரைச் சொன்னேன்.

குழாய் எடுத்தபிறகு கரகரத்த குரலில் அவர் கேட்ட முதல் கேள்வி: "மடை முடிஞ்சுதோ?" சிரித்தேன், அழுதேன்.

அடியார்களே, பயம் வந்தால் அம்மனைக் கூப்பிடுங்கள், கைவிடமாட்டாள். வைத்தியர் கேட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காதீர்கள், அவர் வாயாலும் அவள்தான் கேட்கிறாள். இந்த ஆனியிலும் எங்கள் வீட்டில் விரதம்தான். மடை முடிந்ததும் நானே அவருக்கு மீன் பொரித்துக் கொடுத்தேன், சுடச்சுட.