தட்டுச் சத்தத்தில் ஒரு பரீட்சை

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் டிபன் ஹோட்டலில் சுப்புராயன் இருபத்திரண்டு வருடமாகச் சப்ளையர். எட்டு மேசை ஆர்டரையும் எழுதாமல் மனசிலேயே வைத்துக்கொண்டு பிசகாமல் கொண்டுவந்து வைப்பார். அப்படிப்பட்டவர் ஒரே வாரத்தில் மூன்று முறை, அடை கேட்டவர்களுக்கு வடையைக் கொண்டுபோய் வைத்தார்.

கல்லாவில் இருந்த தமிழ்மணி கூப்பிட்டுச் சொன்னார். “மச்சான், காதைக் காட்டிடு. தள்ளிப்போடாத.”

சுப்புராயனுக்குக் கோபம் வரவில்லை. தொழில் கெடுவதைவிடக் காதில் மெஷின் மாட்டுவது ஒன்றும் கேவலமில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பவானி என்ற பெண் காது பரிசோதனை நிலையம் வைத்திருந்தாள். ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னாள். சோதனை முடிந்ததும், “பேசுறது கேக்கும், ஆனா வார்த்தை பிரியாது. சரியா?” என்றாள். அவர் தலையாட்டினார்.

மூன்று மெஷின்களை ஒவ்வொன்றாக மாட்டி, வாயை மறைத்துக்கொண்டு இருபத்தைந்து வார்த்தைகள் சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னதில் மூன்றிலுமே ஒன்றிரண்டுதான் தப்பின.

“மூணுமே நல்லாத்தான் இருக்கு. எது வேணும்?”

“இங்க நீங்க ஒருத்தர்தாம்மா பேசுறீங்க. எங்க கடையில நாப்பது பேரு பேசுவாங்க. கிரைண்டர் ஓடும், தட்டு விழும். அங்க போட்டுப் பாக்கணும். இன்னொண்ணு, வெலையச் சொல்லாதீங்க. தெரிஞ்சுதுன்னா காதும் அதுக்குத் தகுந்தாப்புலதான் கேக்கும்.”

பவானி சிரித்துவிட்டாள். ஒவ்வொன்றையும் நான்கு நாள் போட்டுப் பார்க்க ஒத்துக்கொண்டாள்.

காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை, கூட்டம் முட்டும் நேரத்தில்தான் அவர் சோதித்தார். “என்ன சொன்னீங்க?” என்று திருப்பிக் கேட்டால், சட்டைப்பையில் வைத்திருந்த பில் சீட்டின் பின்புறம் ஒரு கோடு. முதல் மெஷினில் பேச்சு கேட்டது. ஆனால் தட்டு விழும் ஓசை கத்தியாய்க் குத்தியது. பத்தொன்பது கோடு. இரண்டாவது, தட்டெடுக்கக் குனிந்தபோதெல்லாம் விசில் அடித்தது. பதினான்கு கோடு, கூடவே இரண்டு தப்பு ஆர்டர். மூன்றாவதைப் போட்ட அன்று மத்தியானம்தான், காலையில் ஒருவரையும் திருப்பிக் கேட்கவில்லை என்பதே அவருக்கு உறைத்தது. நான்கு நாளும் சேர்த்து ஐந்தே கோடு.

சீட்டைப் பார்த்த பவானி மூன்றாவதையே எடுத்து, அவர் காதுக்கேற்பச் சரிசெய்யத் தொடங்கினாள். மெல்லிய குழாய் ஒன்றைக் காதுக்குள் விட்டு, உள்ளே எவ்வளவு சத்தம் போகிறது என்று கம்ப்யூட்டரில் பார்த்தாள்.

“இந்த மாதிரி மத்த ரெண்டுக்கும் பாத்தீங்களா?”

அவள் சற்றுத் தயங்கினாள். “இல்லண்ணா. கம்பெனி வெச்ச அளவுலயே குடுத்துட்டேன்.”

“அப்ப அதுங்களையும் சரிபண்ணிக் குடுங்க. பாதி பாடம் நடத்திட்டு முழுப் பரீட்சை வெச்சா எப்பிடி?”

மறுபடி பன்னிரண்டு நாள். முதல் மெஷினின் கோடுகள் ஒன்பதாகக் குறைந்தன. இரண்டாவதன் விசில் நின்றது. கோடு என்னவோ பதினொன்று. மூன்றாவது நான்கிலேயே நின்றது. பிறகுதான் விலையைக் கேட்டார். முதலாவதுதான் இருப்பதிலேயே விலை ஜாஸ்தி.

“அதுவும் நல்ல மெஷின்தான், வேற காதுக்கு ஒத்துப்போகும்” என்றாள் பவானி. “ஒங்க கடைச் சத்தத்த ஃபோன்ல பதிஞ்சு அனுப்ப முடியுமா? வர்றவங்களுக்கு அத ஓடவிட்டே டெஸ்ட் பண்றேன்.”

அவர் ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டத்தையே பதிந்து அனுப்பினார். கிள்ளையிலிருந்து வந்த மீன்கார அம்மாள் ஒருத்தி அதைக் கேட்டுவிட்டு, “இதெல்லாம் ஒரு சத்தமா?” என்றாளாம்.

மூன்றாவது மெஷினையே வாங்கிய இரண்டாம் நாள் சுப்புராயன் ஆறாம் மேசைக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் தோசைக்கல்லுக்குப் பின்னால் மாஸ்டர் சபாபதி, “கெழவனுக்குக் காதுல நகை வேற” என்று முணுமுணுத்தார்.

“நாப்பத்தொம்பதுதான் ஆவுது, மாஸ்டர்” என்றார் சுப்புராயன், திரும்பாமலே. “ஆறுக்கு ரெண்டு அடை.”