பொட்டு வைத்த மாஜாங் காய்கள்

சேரன்மகாதேவியில் முதன்முதலாக மாஜாங் செட் வாங்கிய ஆள் நான்தான். இதை எங்கும் சொல்வேன். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன். எனக்கு முன்பே யாராவது வாங்கிப் பீரோவுக்குள் ஒளித்து வைத்திருந்தால் அது என் குற்றமில்லை. ஒளித்து வைத்தவர்களுக்குப் பெருமையில் பங்கு கிடையாது.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் சினிமா நடிகர்களுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்க, நான் அனிமே என்னும் ஜப்பானியக் கார்ட்டூன் பைத்தியம் பிடித்து அலைந்தேன். அப்பா மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்து கொஞ்சம் கண்ணயர்வார். லீவு நாட்களில் அந்த நேரம் அவருடைய போன் எனக்கு. அப்படிப் பார்த்த ஒரு ஜப்பானியத் தொடரில் நான்கு பேர் ஒரு சதுர மேசையைச் சுற்றி உட்கார்ந்து மாஜாங் ஆடினார்கள். ஏறக்குறையச் சீட்டாட்டம்தான். சீட்டுக்குப் பதிலாக நூற்றுச் சொச்சம் காய்கள். ஒவ்வொன்றும் சின்ன சோப்புத் துண்டு போல இருக்கும். முன்பக்கம் மூங்கில், வட்டம், சீன எழுத்து என்று படம். முதுகுப் பக்கம் ஒன்றும் இருக்காது. எதிரே இருப்பவருக்கு அந்த வெறும் முதுகுதான் தெரியும். ஒருத்தி ஒரு காயை எடுத்து மேசையில் அறைவாள். பின்னால் மின்னல் வெட்டும். எதிராளிக்கு வியர்த்துக் கொட்டும். எனக்கு அந்த மின்னல் வேண்டும் போலிருந்தது.

விதிகளைப் போனிலேயே கற்றுக்கொண்டேன். ஆங்கிலத்தில் யாரோ விளக்கியதில் பாதி புரிந்தது, மீதியை ஆடி ஆடித் தெரிந்துகொண்டேன். மூன்று மூன்றாகச் சேர்க்க வேண்டும், கடைசியில் ஒரு சோடி வேண்டும். அவ்வளவுதான் அடிப்படை. போன் விளையாட்டில் முகம் தெரியாத ஆட்களைத் தோற்கடித்தேன். ஆனால் போனில் காயைத் தொட்டால் சத்தம் வருமே தவிர கனம் வராது. கையில் பிடித்து, மேசையில் அறைந்து ஆட வேண்டும்.

திருநெல்வேலிப் பக்கத்து அனிமே ரசிகர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருந்தார்கள். அதில் பாளையங்கோட்டை அண்ணன் தங்கை இரண்டு பேர், டவுன்காரப் பையன் ஒருவன், இவர்களுக்கும் மாஜாங் தெரியும். மூவரும் பெரிய இங்கிலீஷ் பள்ளிக்கூடங்களில் படித்துக்கொண்டிருந்தவர்கள். நான் தமிழ் மீடியம். அவர்கள் யாரிடமும் உண்மையான செட் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு நாக்கு நீண்டுவிட்டது. "எங்கிட்ட செட் வருது. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க, ஆடலாம்" என்று எழுதிவிட்டேன். செட் அப்போது கனவில்தான் வந்துகொண்டிருந்தது.

எழுதியபிறகுதான் அப்பாவிடம் பேசினேன். இந்த வருடம் தீபாவளிக்குத் துணி வேண்டாம், செருப்பு வேண்டாம், வெடி வேண்டாம். இந்த ஒரு பெட்டி மட்டும் போதும் என்று படத்தைக் காட்டினேன். அப்பா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். எரிந்துபோன பம்புசெட் மோட்டார்களுக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுக்கும் வேலை. எதையும் இரண்டு சொல்லுக்கு மேல் பேசமாட்டார். படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பாப்போம்ட்டி" என்றார். அப்பாவின் அகராதியில் அதற்கு 'சரி' என்று பொருள். கடைக்கு அடுத்த கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லி ஆர்டர் போட்டுவிட்டார்.

விஷயம் அம்மாவுக்குத் தெரிந்த அன்றைக்கு வீட்டில் தோசை தீய்ந்தது.

அம்மாவின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவளுடைய அப்பா சீட்டு விளையாடி வாய்க்கால் பாசனத்து வயலைத் தோற்றவர். அதனால் எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டு கிடையாது. தாயக்கட்டை கிடையாது. பக்கத்து வீட்டில் பல்லாங்குழி ஆடினால்கூட, "என்ன, பந்தயமா?" என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவாள். அவளிடம் போய் இது சூதாட்டம் இல்லை, மூளைக்கு வேலை என்று விளக்கினேன். போன் படத்தில் நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்ததை ஒரு பார்வை பார்த்தாள்.

"எல்லாச் சூதாட்டமும் மூளைக்கு வேலைதாம்ட்டி. அது இந்த வாசப்படி ஏறட்டும், அப்படியே கொண்டு போயி ஆத்துல போடுதேன்."

அம்மா சொன்னால் செய்வாள். ஆறும் வீட்டுக்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது. அப்பா தட்டைப் பார்த்தபடி தீய்ந்த தோசையைத் தின்றார். எனக்காக இந்த மனிதர் வாயைத் திறக்கவே மாட்டாரா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

கூரியர்காரருக்கு எங்கள் தெரு பிடிபடாது என்று கடை விலாசம் கொடுத்திருந்தோம். பெட்டி ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கடைக்கு வந்திருக்கிறது. அப்பா என்னிடம் மூச்சுவிடவில்லை. மறுநாள் கடையைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, மோட்டார், டெஸ்டர், சைக்கிள் எல்லாவற்றுக்கும் பூஜை போட்டுவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். ஒரு கையில் பொரி கடலை. இன்னொரு கையில் பெரிய தாம்பாளம். தாம்பாளத்தில் வாழையிலை விரித்து, அதன்மேல் வரிசை வரிசையாக என் மாஜாங் காய்கள். ஒவ்வொரு காயின் முதுகிலும் சந்தனம் தடவி, நடுவில் சிவக்கச் சிவக்கக் குங்குமப் பொட்டு.

அம்மா வாயைத் திறந்தாள். தாம்பாளத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி, சாமி படத்துக்கு முன்னால் என் பாடப்புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி வரை தொடக்கூடாது. நான் தூரத்தில் நின்று, சந்தனத்தைக் கழுவினால் போய்விடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

போகவில்லை. சந்தனம் போனது, குங்குமச் சாயம் போகவில்லை. சோப்புப் போட்டேன், தேங்காயெண்ணெய் போட்டேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன். சில காய்கள் வெளுத்தன. பலவற்றில் கறை ஒவ்வொரு தினுசாக நின்றது. மாஜாங்கில் எல்லாக் காய்க்கும் முதுகு ஒன்றுபோல இருக்க வேண்டும். அதுதான் ஆட்டத்தின் உயிர். என் செட்டிலோ மீன்வால் மாதிரிக் கறை இருந்தால் 'கிழக்குக் காற்று' என்ற எழுத்துக் காய், மூக்குத்தி மாதிரி இருந்தால் ஐந்து வட்டம் என்று கண் தெரிந்த யாரும் சொல்லிவிடலாம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் வருகிறார்கள். தமிழ் மீடியத்துக்காரி கள்ளக்காய் வைத்து ஆடுகிறாள் என்று குழு முழுக்கச் சிரிக்கப் போகிறார்கள்.

அழுதேன். அழுகையா அது, தெருவே திரும்பிப் பார்த்தது. படம் இருக்கிற பக்கத்தில் வைத்திருந்தாலாவது பரவாயில்லை, முதுகில் போய் ஏன் வைத்தீர்கள் என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். "படம் கெட்டுப் போவும்லா" என்றார். அடுப்படியிலிருந்து அம்மா அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

"பொட்டு வச்சுல்லா கொண்டாந்துட்டீக. இனி நான் என்னத்தச் சொல்ல?"

அம்மாவே என் கட்சிக்கு வந்துவிட்டாள் என்று எனக்குத் தைரியம் கூடிப்போயிற்று. "நல்லாக் கேளும்மா" என்று இன்னும் உரக்க அழுதேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, காய்களை ஒரு பையில் அள்ளிப் போட்டுக் கடைக்கு எடுத்துப்போனார்.

கம்பி சுற்றிய மோட்டாருக்குக் கடைசியில் ஒரு சிவப்பு வார்னிஷ் பூசுவார்கள். பூசி, உள்ளே பல்பு எரியும் ஒரு தகரப் பெட்டியில் வைத்துக் காயப்போடுவார்கள். தண்ணீர், எண்ணெய் எதற்கும் அசையாது அந்த வார்னிஷ். கறையைப் போக்க முடியாவிட்டால் எல்லா முதுகையும் ஒரே சிவப்பாக்கிவிடலாம் என்பது அப்பாவின் கணக்கு. காய்களைக் கவிழ்த்து வைத்து, சின்ன பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகப் பூசினார். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்குப் போய், பேசாமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வழிந்தால் துடைக்கத் துணி கொடுத்தேன். அது சமாதானம் அல்ல, மேற்பார்வை.

அந்த நேரம் பார்த்து வாழை போட்டிருக்கும் பெரியவர் ஒருவர் தன் மோட்டாரைத் தேடி வந்தார். தண்ணீர் இல்லாமல் தோட்டம் காய்கிறது என்று கத்திக்கொண்டே தகரப் பெட்டியைத் திறந்தார்.

"என்னவே இது? என் மோட்டாரக் காயப்போடச் சொன்னா நீரு பிஸ்கட்டு சுட்டுக்கிட்டு இருக்கீரு?"

"எம்மவ சாமான், அண்ணாச்சி. பையக் காயட்டும். அடுத்தது ஒங்க மோட்டார்தான்."

அவர் காய்ந்த காய் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மூங்கில் ஒன்று, அதில் மட்டும் ஒரு பறவை இருக்கும். "மயிலால்லா இருக்கு" என்றார். கோபம் எங்கே போனதோ, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மற்றப் படங்களையும் பார்க்க ஆரம்பித்தார். மகளுக்கு இந்த ஆட்டம் முழுக்கத் தெரியும், ஜப்பான்காரர்களையே போனில் ஜெயிக்கிறாள் என்று அப்பா அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது கொஞ்சம் கஷ்டமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தங்கையும் காரில் வந்து இறங்கினார்கள். டவுன் பையனை அவன் வீட்டில் அனுப்பவில்லை. நான் சாப்பாட்டு மேசையில் போர்வை விரித்துக் காய்களைக் கொட்டினேன். செக்கச்செவேலென்று எல்லா முதுகும் கண்ணாடி போல மின்னின. அந்த அண்ணன் ஒன்றைக் கையில் எடுத்து, இந்த மாதிரிச் சிவப்பு எந்தக் கடையிலும் பார்த்ததில்லையே, எங்கே கிடைத்தது என்று கேட்டான்.

"கடையில கெடைக்காது. எங்கப்பா செஞ்சது" என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லும்போது என் கழுத்து ஒரு சாண் நீண்டிருக்கும்.

ஆனால் நாலாவது ஆள் இல்லை. மூன்று பேர் ஆடும் வகை ஒன்று உண்டுதான். எனக்கு அது வேண்டாம், மேசையில் நான்கு பக்கமும் நிறைய வேண்டும். அப்பா கடையில் இருந்தார். முறுக்குத் தட்டோடு வந்த அம்மா எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு நின்றாள். அந்தத் தங்கைதான் கேட்டாள், "ஆன்ட்டி, நீங்க உக்காருங்களேன்."

"காசு உண்டா?"

"இல்ல ஆன்ட்டி, வெறும் புள்ளிதான்."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். தன் பங்குக் காய்களில் முதலாவதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மூன்று மூன்றாகச் சேர்க்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்தது அவள் காதில் ஏறவே இல்லை. ஒரே மாதிரி இரண்டு வந்தால் சேர்த்து வைத்தாள். ஒற்றையாக நின்றதை எறிந்தாள். நானும் அந்த அண்ணனும் ஒருவரையொருவர் வீழ்த்தத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். அம்மா ஒரு காயை எடுத்தாள், தன் வரிசையைப் பார்த்தாள்.

"ஏட்டி, எல்லாத்துக்கும் சோடி கெடச்சிட்டு. இனி என்ன செய்யணும்?"

காய்களைச் சாய்த்துக் காட்டினாள். ஏழு சோடி. மூன்று மூன்றாகச் சேர்க்காமல் ஜெயிக்க ஆட்டத்தில் ஒரு வழி உண்டு, அது ஏழு சோடி. அண்ணனும் தங்கையும் எழுந்து நின்று கத்தினார்கள். நான் தோற்றுப்போயிருந்தேன், ஆனாலும் அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமான ஆள் தாமிரபரணிக் கரையில் இருந்திருக்க முடியாது. "எங்கம்மா!" என்று வந்தவர்களிடம் சொன்னேன், அவர்களுக்குத் தெரியாதது போல. அம்மா சிரித்தாள். பிறகு அடுத்த ஆட்டத்துக்குக் காயைக் கலைக்கத் தொடங்கினாள். இன்னும் ஆடுகிறாள். அடுத்த வீட்டு அக்காவுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டாள், தன் சோடிக் கொள்கையோடு.

இப்போது எனக்குக் கோயம்புத்தூரில் வேலை. போன வருடம் ஆயுத பூஜைக்கு வந்திருந்தபோது, முதல்முறையாகக் கடையில் அப்பாவுக்குச் சந்தனக் கிண்ணம் பிடித்தேன். ஸ்பேனர் பெட்டியின் மூடியில் ஒரு பொட்டு வைத்தார். போல்ட் டப்பா மூடியில் ஒன்று. கம்பிச் சுருள் அடுக்குக்கு மொத்தமாக ஒன்று.

"ஒவ்வொண்ணுக்கும் வைக்காண்டாமாப்பா?"

"பெட்டிக்கு வச்சாப் போதும்ட்டி. உள்ள உள்ளதுக்கெல்லாம் சேந்துரும்."

கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றேன். என் மாஜாங் செட்டும் பெட்டியோடுதான் வந்தது. அதன் மூடியிலும் ஒரு பொட்டு வைத்திருக்கலாம். அப்படி வைத்திருந்தால், அம்மா பெட்டியைச் சாமிக்கு வைத்துவிட்டு உள்ளிருந்ததை ஆற்றில் கொட்டியிருப்பாள். பொட்டு வைத்த பொருளை அவள் கை எறியாது என்று அப்பாவுக்குத் தெரியும். அதனால் பூஜை அன்று, வேலையெல்லாம் கிடக்க, கடையில் உட்கார்ந்து நூற்றுச் சொச்சம் காய்க்கும் ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்திருக்கிறார், ஒன்றுகூட ஆற்றுக்குப் போய்விடக் கூடாது என்று.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அது விளங்கவில்லை. கறையைத் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்துபோய் அன்று நான் அவரிடம் கேட்டது, "உங்களுக்கு அறிவிருக்காப்பா?"

"இல்லட்டி" என்றார் அப்பா.