இரண்டு பௌர்ணமிக்குள் ஒரு லாட்ஜ் சாப்ட்வேர்

சாப்ட்வேர் தொழிலில் எழுதுவது கால் பங்கு. எழுதியது நானில்லை என்று சாதிப்பது முக்கால் பங்கு. ஆனால் இனி நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. கற்பூரத்தை ஏற்றுங்கள், அடித்துச் சத்தியம் செய்கிறேன். மலையைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். புளுகினால் என் பத்து விரலும் கீபோர்டோடு ஒட்டிக்கொள்ளட்டும்.

எனக்கு எழுபத்தோரு வயது. வேங்கிக்காலில் ஒரு மாடி அறை, நாலு நாற்காலி, மூன்று கம்ப்யூட்டர். நானும் பரிமளாவும்தான் கம்பெனி. பரிமளா என் பேத்தி வயதுக்காரி, ஆனால் எனக்கு மேலதிகாரி. அவள் தினமும் வரும் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸிலேயே வருபவர் ஏழுமலை. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில், இருபத்திரண்டு அறை லாட்ஜுக்கு மேனேஜர். பஸ் பழக்கத்தில் அவர் முதலாளியம்மாவிடம் எங்களைச் சிபாரிசு செய்துவிட்டார். அந்த அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முதல் நாளே சொன்னார்: "ரெண்டு பௌர்ணமி பாப்பேன். அதுக்குள்ள சரியா வரலன்னா கம்ப்யூட்டரும் வேணாம், அதைக் கூட்டியாந்த ஏழுமலையும் வேணாம்."

இனிஷியலுக்கு இடமில்லை

சக பாவிகளே, பெயர் கேட்கும் படிவத்தை எங்கிருந்தாவது அப்படியே எடுத்து ஒட்டுங்கள். யோசிக்கவே யோசிக்காதீர்கள். நான் அப்படித்தான் செய்தேன். முதல் பெயருக்கு ஒரு பெட்டி, குடும்பப் பெயருக்கு ஒரு பெட்டி, இரண்டிலும் மூன்று எழுத்தாவது இல்லாமல் நகராது. உலகத் தரம்.

நம் ஊர்க்காரர்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? முன்னால் ஓர் இனிஷியல், அதோடு சரி. 'கே' என்று ஏழுமலை அடித்தால் திரை சிவக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்து சாமியார் பெயர் வைத்துக்கொண்டவருக்கோ இருப்பதே ஒரு பெயர்தான். ஏழுமலை வரிசையில் நிற்கும் ஆட்களைப் பார்த்தார். குடும்பப் பெயர்ப் பெட்டியில் 'இல்லை' என்று அடித்தார். மூன்று எழுத்து, போய்விட்டது. அன்று முதல் எல்லோருக்கும் 'இல்லை'. வாரக் கடைசியில் பட்டியலைப் பார்த்த முதலாளியம்மா எனக்கு போன் போட்டார். "பெரியவரே, இந்த இல்லைங்கறவரு யாரு? வாரம் பூரா எட்டு ரூமு எடுத்துத் தங்கியிருக்காரு. மனுஷனுக்கு ஒரு காபி கூட குடுத்தனுப்பலையே."

யோவ்

பிழை வந்தால் திரையில் என்ன செய்தி காட்டுவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு ஏதாவது விளையாட்டாய் எழுதிவைக்கலாம். அந்தப் 'பிறகு' எந்தக் கிழமை வரும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

காலண்டரில் இல்லாத தேதியை அடித்தால் 'யோவ், கண்ணு தெரியலையா?' என்று காட்டும்படி எழுதியிருந்தேன். யார் அடிக்கப்போகிறார்கள், நான்தானே என்ற தைரியம். முதலாளியம்மா ஒரு நாள் கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்து, பிப்ரவரி முப்பதுக்கு ரூம் போட்டிருக்கிறார். நான் ஓடிப்போய் நின்றபோது திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. நிதானமாகச் சொன்னார்: "கண்ணு தெரியலன்னு சொன்னது நெசம்தான், அது போவட்டும். எங்க வூட்டுக்காரரு கூட இத்தினி வருஷத்துல என்னை யோவ்னு கூப்ட்டதில்ல."

சோதனை செய்ய வந்தவர்

எழுதியவனே சோதித்துப் பார்ப்பதுதான் சிக்கனம். எங்கே இடிந்து விழும் என்று அவனுக்குத் தெரியும், அந்தப் பக்கமே போகமாட்டான். நான் மூன்று நாள் சோதித்தேன். ஒரு குறை இல்லை. பரிமளா மட்டும், "சார், தப்புத் தப்பா அடிச்சுப் பாத்தீங்களா?" என்றாள். தப்பாக அடிப்பதற்கு நான் என்ன புது ஆளா?

புது ஆள் மலையிலிருந்து இறங்கி வந்தது. ஏழுமலை டீ வாங்கத் திரும்பிய நேரம், வரவேற்பு மேசையில் இருந்த வாழைப்பழத்துக்காக ஒரு குரங்கு ஜன்னல் வழியே குதித்திருக்கிறது. பழத்தை உரித்துக்கொண்டு கீபோர்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. என்டர் பட்டன் அதன் பின்பக்கத்துக்குச் சரியாக அமைந்துவிட்டது. ஏழுமலை குச்சி தேடி எடுப்பதற்குள் இருபத்திரண்டு அறையும் புக்காகிவிட்டன. ஏசி ரூம்களைத்தான் முதலில் எடுத்தது என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. பெயர் இருந்த இடத்தில் நாலு கமா. 'அன்பார்ந்த கமா கமா கமா கமா அவர்களே, தங்கள் வருகைக்கு நன்றி' என்று பிரிண்டர் வேறு வரிசையாகச் சீட்டு துப்பியிருக்கிறது. ஏழுமலை அந்தச் சீட்டுகளை அள்ளிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். "மனுஷன் வந்தா ஆதார் எங்கன்னு ஆயிரம் கேள்வி கேக்குது சார் உங்க ப்ரோக்ராமு. கொரங்குன்னதும் ஒரு மரியாத வச்சு உட்டுடுச்சு."

நாள் என்றால் என்ன

வாடிக்கையாளர் சொல்லும் சொற்களுக்கு அர்த்தம் கேட்பது நம் தகுதிக்குக் குறைவு. 'ஒரு ரூம், ஒரு நாள்' என்றார்கள். நாள் என்றால் என்னவென்று கேட்க நான் என்ன பாலர் பள்ளிப் பிள்ளையா? தேதி போட்டேன். தேதி மாறினால் ரூம் காலி. வேலை முடிந்தது.

முதல் பௌர்ணமி வந்தது. கிரிவலத்துக்கு வந்த ஜனம் சாயந்திரம் ரூம் எடுத்து, பையை வைத்துவிட்டு மலை சுற்றப் போய்விட்டது. நடுராத்திரி தேதி மாறியது. ரூமெல்லாம் காலி என்று என் நிரல் சந்தோஷமாக அறிவித்து, அடுத்து வந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டது. ராத்திரி டூட்டி ஆள் திரை சொன்னபடி மாற்றுச் சாவியை எடுத்து நீட்டியிருக்கிறார். விடிந்ததும் வெறுங்காலோடு திரும்பி வந்த திண்டிவனத்துக் குடும்பத்தின் கட்டிலில், சித்தூர்க் குடும்பம் ஒன்று குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. இப்படிப் பதினோரு அறை. காலையில் நான் போனபோது, ஏழுமலை இரண்டு கட்சிக்கும் நடுவில் சட்டைப் பொத்தான் அறுந்து நின்றார். "இன்னும் ஒரு பௌர்ணமிதான்" என்று மாடியிலிருந்து முதலாளியம்மாவின் குரல் மட்டும் கேட்டது.

பரிமளா சொல்லி அனுப்பியதால் அன்றைக்கே எல்லோரிடமும் கேட்டேன், நாள் என்றால் என்ன? "உள்ள வந்ததுல இருந்து இருவத்துநாலு மணி நேரம்" என்றார் அம்மா. "குளிச்சுட்டுக் கெளம்பற வரைக்கும்" என்றார் ஏழுமலை. "சுத்திட்டு வந்து, இட்லி துன்னுட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்தா ஒரு நாளு" என்றார் திண்டிவனத்துக்காரர். பௌர்ணமியே ஒரு தேதியில் தொடங்கி மறு தேதியில்தான் முடிகிறது. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வந்து பரிமளாவிடம் காட்டினேன். படித்துவிட்டுச் சொன்னாள்: "ராத்திரி பன்னெண்டு மணிக்கு நாள் முடியுதுன்னு இந்த ஊர்ல நெனைக்கறது நீங்க ஒருத்தருதான் சார்."

சரியாக வந்த குற்றம்

தேதியைத் தூக்கினோம். வந்த நேரம் ஒன்று, போன நேரம் ஒன்று. சாவி மேசைக்குத் திரும்பாமல் ரூம் காலியாகாது. இரண்டாவது பௌர்ணமிக்கு ஊரே நிரம்பி வழிந்தது, லாட்ஜில் ஒரு சண்டை இல்லை. காலையில் முதலாளியம்மா போனில் பாராட்டினார். பாராட்டின் வாலில், கம்ப்யூட்டரே எல்லாம் பார்த்துக்கொள்கிறதே, இனி மேனேஜர் என்று தனியாக ஓர் ஆள் எதற்கு என்றும் கேட்டுவைத்தார்.

மத்தியானம் ஏழுமலை மாடியேறி வந்தார். கையில் வறுத்த வேர்க்கடலை ஒரு பை. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், இந்த வயதில் வேறு லாட்ஜில் யார் எடுப்பார்கள் என்பதெல்லாம் அவர் சொல்லவில்லை. பரிமளாதான் பஸ்ஸில் கேட்டறிந்து பிறகு சொன்னாள். அவர் சொன்னது இவ்வளவுதான்: "சரியா வரலன்னா அனுப்பறேன்னாங்க. இப்ப சரியா வந்துட்டதால அனுப்பறேங்கறாங்க. எடுத்தீங்களே தப்பு, அதுல சின்னதா ஒண்ணை மட்டும் திருப்பி வச்சிடுங்க சார்."

ஒரு பொத்தான்

தெரிந்தே தப்பு வைப்பது தொழில் தர்மம் ஆகாது என்று மறுத்தேன். வேர்க்கடலை தீரும்வரை மறுத்தேன். பரிமளா திரும்பி உட்கார்ந்து ஏதோ தட்டினாள். இனி பௌர்ணமி அன்று ஒவ்வொரு ரூம் கொடுக்கும்போதும் திரையில் ஒரு பெட்டி வரும்: 'மேனேஜர் ஒப்புதல் தேவை.' அதிலுள்ள பொத்தானில் ஏழுமலை விரல் வைத்தால்தான் மேலே நகரும். அந்தப் பொத்தான் என்ன செய்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். ஒன்றும் செய்யாது. ஆம் என்றாலும் இல்லை என்றாலும் அதே ரூம்தான்.

அடுத்த பௌர்ணமிக்கு நானே போய்ப் பார்த்தேன். ஏழுமலை சலவைச் சட்டையில் நின்று, வந்தவர் முகத்தைப் பார்த்து, திரையைப் பார்த்து, தாடையைத் தடவி, விரலை வைத்தார். இருபத்திரண்டு தடவை. பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த முதலாளியம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "என்னதான் கம்ப்யூட்டர் வாங்கி வச்சாலும் ஏழுமலை யோசிக்காம அதுக்கு ஒரு வேலை ஓடல பாருங்க."

ஆக, நாங்கள் எழுதியதிலேயே ஒரு வேலையும் செய்யாத வரிதான் ஒருவர் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்ற இந்த நுட்பத்தை நீங்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், சொன்னது யார் என்று மட்டும் செங்கம் ரோட்டுப் பக்கம் மூச்சு விட்டுவிடாதீர்கள்.